பிரக்கிராசியார் வீட்டு விறாந்தை

கல்முனையிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் சிலர் ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "டீச்சர், எங்கட ஊர்லயும் ஒரு பழைய கட்டடம் சும்மா கிடக்கு. அத வாற போற ஆக்களுக்கு ஒரு தகவல் நிலையமா மாத்தேலுமா?" மாற்றலாம். மட்டக்களப்பு வாவிக்கரையில், புளியந்தீவில் நாங்கள் செய்தது அதுதான். ஆளாளுக்குத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே முறையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வீடு ஒரு பிரக்கிராசியாருடையது, அந்தக் கால வழக்கறிஞர். முன் அறை அவருடைய கந்தோர், பின்னால் குடும்பம். அவருக்குப் பிறகு கூட்டுறவுச் சங்கக்கடை, அதன் பிறகு நெல் மூட்டை அடுக்கும் களஞ்சியம், யுத்த காலத்தில் பூட்டு. வாவியைப் பார்த்த விறாந்தை, முதிரை மரக் கதவுகள், முன்பக்கம் பீலி ஓடு. பின்பக்க ஓடுகள் 1978 நவம்பர் 23 சூறாவளியோடு போய்விட்டன. அதன் பிறகு தகடுதான். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும். விற்க மனமில்லை, திருத்தவும் ஆளில்லை. சாப்பாட்டுக் கடை போடலாம், தங்குமிடம் போடலாம் என்று பலர் பலதும் சொன்னார்கள். ஆனால் இரவு ரயிலில் வந்து விடியற்காலை இறங்குகிறவர்கள் பையையும் தூக்கிக்கொண்டு, கோட்டைக்கு எந்தப் பக்கம் போவது என்று பூட்டிய கடைகளுக்கு முன்னால் நிற்பதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து வந்தவர்களுக்கு ஒரு கதிரையும் ஒரு குவளை தண்ணீரும் கொடுக்க ஊரில் ஓர் இடம் இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத்தான் பட்டது.

முதலில் காணி உறுதிப் பத்திரம். பழைய வீடு என்றால் உரிமை பல பங்காகச் சிதறியிருக்கும். வெளிநாட்டில் இருக்கிற ஒவ்வொரு பங்காளியிடமிருந்தும் அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், வந்த பிறகுதான் குத்தகை எழுத வேண்டும். ஒருவர் வாய்ப்பேச்சில் சரி என்றார் என்பதற்காகச் சுவரில் கை வைக்கக் கூடாது. குத்தகைப் பத்திரத்தில் கூரை திருத்துவது யார் பொறுப்பு, எதை இடிக்கக் கூடாது, விட்டுப் போகும்போது எதை எடுத்துச் செல்லலாம் என்ற மூன்றும் தெளிவாக இருக்கட்டும். ஒவ்வொரு அறையையும் நாலு மூலையிலிருந்தும் படம் எடுத்துப் பத்திரத்தோடு இணைத்துவிட்டால் பிற்காலத்தில் சண்டை வராது. அப்புறம், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் வர்த்தமானியில் அறிவிக்கப்படும். உங்கள் கட்டடம் அதில் இருக்கிறதா, பக்கத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீடு பட்டியலில் இல்லை. ஆனாலும் அந்தக் கடிதம் கோவையில் இருப்பது பிறகு பல இடத்தில் உதவியது.

சுவர்தான் பெரிய கதை. இடையில் இருந்த யாரோ நிலத்திலிருந்து இடுப்பளவுக்குச் சீமெந்து பூசியிருந்தார்கள். சீமெந்து அப்படியே பலமாக நின்றது. அதற்கு மேலே, நெஞ்சளவில், வெள்ளையாக உப்புப் பூத்து, விரல் பட்டால் மாவாகக் கொட்டியது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: இன்னும் உயரத்துக்குச் சீமெந்து பூசுவோம். கடைசியில் ஆரையம்பதியிலிருந்து ஒரு வயதான மேசன் வந்தார். சுவரில் புறங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "டீச்சர், சீமெந்த முழுக்க உரிச்செடுங்க. ஒரு கச்சான் காலம் சுவர சும்மா விடுங்க. மறுகா பாப்பம்" என்றார். கச்சான் என்றால் இங்கே வெயில் மாதங்களில் அடிக்கிற வறண்ட காற்று.

அவர் சொன்னதன் காரணம் பிறகு எனக்கு நன்றாக விளங்கியது. இந்தக் கரையோரத்துப் பழைய சுவர்கள் முருகைக்கல்லும், அதாவது பவளப்பாறைக் கல்லும், சுண்ணாம்பும். வாவி ஈரம் அடியிலிருந்து ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டு உலர வைக்கும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் வேறு வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, சீமெந்து முடிகிற இடத்தில் வெளியே வருகிறது. தண்ணீர் காற்றோடு போய்விடும், அதிலிருந்த உப்பு மட்டும் தங்கி, கட்டியாகிப் பூச்சை உடைக்கும். இன்னும் உயரத்துக்குச் சீமெந்து பூசியிருந்தால் நோய் கூரைவரை போயிருக்கும்.

சீமெந்தை உரித்தோம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள் முழுவதும் யன்னல்களைத் திறந்தே வைத்தோம். உப்பை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி வெளியே கொட்ட வேண்டும். துடைத்தால் மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். முருகைக்கல் அகழ்வது இப்போது சட்டப்படி குற்றம். கடற்கரைக்கும் அதுதான் நல்லது. அதனால் வளவில் விழுந்து கிடந்த பழைய கற்களையே பொறுக்கி எடுத்துப் பொந்துகளை அடைத்தோம். மேசன் சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் தண்ணீருக்கடியில் கிடக்க விட்டார். அவசரப்படுத்தினால் வேலை செய்ய மாட்டார். பூச்சுக்கு மேல் வெள்ளையடித்தது வெறும் சுண்ணாம்புதான். பளபளக்கிற பெயின்ட் அடித்தால் சீமெந்து செய்த அதே வேலையை அதுவும் செய்யும். உதவி தர வந்த ஒருவர் தங்கள் நிறத்தில் பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார். நன்றி சொல்லி வேண்டாம் என்றோம்.

வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் ஒரு தலையணை அளவு இடத்தைப் பூசாமல் விடச் சொன்னேன். மேசனுக்கு முதலில் அது பிடிக்கவில்லை, வேலை முடியாத மாதிரி இருக்கும் என்றார். இன்று அந்த நிலையத்தில் அதிகம் பேர் நின்று பார்க்கிற இடம் அதுதான். தேன்கூடு போலக் கண் கண்ணாக முருகைக்கல், இடையில் சுண்ணாம்புச் சாந்து, சாந்துக்குள் அரையாமல் கிடக்கிற சிப்பித் துண்டுகள். ஒரு மூலையில் யாரோ ஒரு பழைய வேலைக்காரருடைய பெருவிரல் பதிந்திருக்கிறது. பிள்ளைகள் தங்கள் விரலை அதில் வைத்துப் பார்ப்பார்கள். இதற்குக் கண்ணாடி போடச் சொன்னவர்கள் உண்டு. போடவில்லை, போடவும் மாட்டோம். பழைய கட்டடத்தில் நிலையம் வைத்தால் அந்தக் கட்டடமே முதல் காட்சிப் பொருள். வேறு எதையும் வாங்கி அடுக்குவதற்கு முன் அதைத் தொட்டுப் பார்க்க விடுங்கள்.

மின்சார வயர்களைச் சுவரைக் குடைந்து புதைக்காமல் வெளியே குழாயில் ஓட்டினோம். வாசல் படியை உடைக்காமல், சக்கர நாற்காலிக்காக எடுத்து வைக்கக்கூடிய மரச் சாய்தளம் ஒன்று செய்தோம். மலசலகூடம் பின் வளவில் தனியாக. இது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: துப்புரவான மலசலகூடம் இல்லையென்றால் எவ்வளவு அழகான தகவல் பலகை வைத்தாலும் பிரயோசனமில்லை. குறிப்பாகப் பெண்கள், பஸ்ஸில் நெடுந்தூரம் வந்தவர்கள். காசை முதலில் அதற்குச் செலவழியுங்கள்.

திறக்கிற நேரத்தை அரசாங்கக் கந்தோர் நேரமாக வைக்க வேண்டாம். இரவு ரயில் ஆட்கள் விடியற்காலை வருகிறார்கள். வெயில் ஏறிய பிறகு மத்தியானம் ஈ காக்கையும் வராது. நாங்கள் விடிந்ததும் திறந்து, மத்தியானம் பூட்டி, வெயில் தாழ மறுபடி திறக்கிறோம். பை வைக்க ஒரு அறையும் இலக்கமிட்ட துண்டும் வைத்தோம். இரவில் வைக்க முடியாது என்று மும்மொழியிலும் எழுதியிருக்கிறது. பையை இறக்கி வைத்தவர்தான் ஊரை நடந்து பார்ப்பார், கடையில் ஏறுவார். அந்த ஒரு அறையால் பக்கத்துத் தேநீர்க்கடைக்கு வந்த வியாபாரத்தை அந்தக் கடைக்காரரே சொல்லியிருக்கிறார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இப்படியான நிலையங்கள் இலங்கையில் பல இடத்தில் திறந்து, ரிப்பன் வெட்டி, சில மாதத்தில் தூசி படிந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஊர்க்காரர் உள்ளே வருவதே இல்லை. ஊர்க்காரர் வந்து உட்காராத இடத்தில் வெளியூர்க்காரருக்குச் சொல்ல என்ன இருக்கும்? அச்சடித்த தாள் மட்டும்தான் இருக்கும்.

நாங்கள் விறாந்தையில் ஒரு மேசையும் நாலைந்து சாய்மனைக் கதிரையும் போட்டு, அன்றைய பத்திரிகைகளை வைத்தோம். அவ்வளவுதான். காலையில் ஓய்வூதியக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஓய்வுபெற்ற தபாலதிபர், ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பத்து ஒரு தச்சர், காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார், தோணி விட்டவர் ஒருவர். பத்திரிகை வாசிக்க வந்தவர்கள் வழி கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கினார்கள். சூறாவளி இரவில் ஓடு பறந்த கதையை அந்த வீட்டின் பின் கூரையைக் காட்டியே தபாலதிபர் சொல்வார். அவருடைய மாமியின் வீடு அடுத்த தெரு. தச்சர் முதிரைக் கதவின் பொருத்தைக் காட்டி, ஆணி இல்லாமல் அது எப்படி நிற்கிறது என்று விளக்குவார். நாலு வசனத்துப் பலகை எதுவும் இதற்கு ஈடாகாது. சம்பளம் இல்லை, தேநீர் உண்டு. மரியாதை உண்டு.

அப்புறம் ஒரு கேள்விக் கொப்பி. பாராட்டு எழுதும் வருகைப் பதிவேடு எல்லா இடத்திலும் இருக்கிறது. அதை வாசித்து நாம் கற்பது குறைவு. வருகிறவர்கள் வாய்விட்டுக் கேட்கிற கேள்வியை அப்படியே மேசையில் இருப்பவர் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். மாதமுடிவில் உட்கார்ந்து வாசிப்போம். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்குத்தான் பலகை, அதற்குத்தான் தாள். எங்கள் நடை வரைபடம் அப்படிப் பிறந்தது. கறுப்பு வெள்ளையில் கையால் வரைந்து போட்டோப் பிரதி எடுத்த ஒரே தாள். வாவிக்கரைப் பழைய வாயில், 1814இல் வந்து அடுத்த ஆண்டே இறந்துபோன மெதடிஸ்த மதகுரு வில்லியம் ஓல்ட் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல் கல்லூரி, மரியாள் பேராலயம், பிறகு கோட்டை. எல்லாம் நடந்து பார்க்கிற தூரம். கோட்டை 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது, நெடுங்காலம் அதற்குள் கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகம், இயங்கியது. ஒரு கோட்டைக்குள் பிறப்புப் பத்திரம் எடுக்க வரிசையில் நின்ற ஊர் இது என்று சொன்னால் வெளிநாட்டுக்காரருக்கு ஆச்சரியம் தாங்காது. அந்த வரைபடத்தில் நிழல் மரங்களையும் தண்ணீர் கிடைக்கும் இடங்களையும் குறித்திருக்கிறோம். பளபளக்கும் கையேட்டை விட இந்தத் தாள்தான் மடித்துச் சட்டைப்பைக்குள் போகிறது. கடை மாறினால் அடுத்த நாளே திருத்தலாம்.

கொப்பியில் முதலிடம் பாடும் மீனுக்குத்தான், இரவில் எங்கள் வாவிக்குள்ளிருந்து எழும் இசை போன்ற ஒலிக்கு. எங்கே, எப்போது, காசு எவ்வளவு? இங்கே உண்மையைச் சொல்வது என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தோம். ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், காற்று அடங்கிய நேரம், கல்லடிப் பாலத்துப் பக்கம் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறு முனையைக் காதிலும் வைத்தால் கேட்க வாய்ப்பு உண்டு. எது அந்த ஒலியை எழுப்புகிறது என்பது இன்னும் தீரவில்லை. தமிழறிஞர் விபுலானந்த அடிகள் அதை நீரரமகளிரின், அதாவது நீரில் வாழும் தேவமகளிரின், இசையாகக் கேட்டுப் பாடினார். அவருடைய சமாதி கல்லடியில் பக்கத்திலேயே இருக்கிறது, போய் வணங்கி வாருங்கள் என்போம். மார்கழி மழையில் வந்து கேட்பவருக்கு "இப்போது கேட்காது" என்று சொல்லிவிடுவோம். தோணிக்காரர் ஒருவர் முதலில் கோபித்தார், பிழைப்பைக் கெடுக்கிறோம் என்று. பிறகு, பகலில் வாவிக்கரைக் கண்டல் மரக்காடு பார்க்கவும் பறவை பார்க்கவும் அதே தோணியில் ஆள் அனுப்பத் தொடங்கியதும் சரியாகிவிட்டது. சும்மா ஆசை காட்டி அனுப்பியவர் ஏமாந்து திரும்பினால் ஊருக்குத்தான் கெட்ட பெயர்.

கடினமான கேள்விகளும் கொப்பியில் உண்டு. யுத்தம், 1990 படுகொலைகள், சுனாமி, 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு. இவற்றைச் சுவரில் எழுதுவதா, விடுவதா என்று எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. கடைசியில், எழுதிய ஒவ்வொரு வசனத்தையும் அச்சுக்குப் போகும் முன் விறாந்தையில் வைத்து வாய்விட்டு வாசித்தோம். தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், இங்கேயே பிறந்த சிங்களக் குடும்பத்து ஒருவர் எல்லோரும் இருந்தார்கள். யாராவது முகத்தைத் திருப்பினால் அந்த வசனத்தை நிறுத்தி, ஏன் என்று கேட்டு, எல்லோரும் ஏற்கிற உண்மை நிற்கும்வரை திருத்தினோம். பலகை சிறியதாகிவிட்டது, ஆனால் அதை யாரும் இதுவரை கிழிக்கவில்லை. ஆட்கள் இறந்த இடங்களை வரைபடத்தில் குறிக்கவில்லை. கேட்பவருக்கு அமைதியாகப் பதில் சொல்வோம். அந்தக் குடும்பங்கள் இன்னும் அதே தெருக்களில் இருக்கின்றன. அவர்களுடைய வாசலுக்குக் கமராவோடு ஆள் அனுப்புவது எங்கள் வேலை இல்லை. அதே மாதிரி வெள்ளிக்கிழமை மத்தியானம் காத்தான்குடி அருங்காட்சியகத்துக்கு யாரையும் அனுப்ப மாட்டோம், ஜும்ஆ நேரம். கோயிலுக்கு எப்படி உடுத்திப் போவது என்பதும் தாளின் பின்பக்கம் இருக்கிறது.

பழைய படங்கள் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2004 சுனாமியில் நாவலடியிலும் கல்லடிக் கரையிலும் வீடுகளோடு அல்பங்களும் போய்விட்டன. மிஞ்சிய ஒரு கல்யாணப் படத்தை ஒருவர் உங்கள் கையில் தருகிறார் என்றால் அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று நினைத்துக்கொள்ளுங்கள். படத்தை ஒருபோதும் வாங்கி வைக்காதீர்கள். அவர் கண்முன்னே ஸ்கான் செய்து, படத்தையும் ஒரு பிரதியையும் கையில் கொடுத்து, பின்னணியை அவர் வாயாலேயே பதிவு செய்து அனுப்பிவிட வேண்டும். சுவரில் மாட்டுவது பிரதிதான். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டால் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. ஐப்பசி பிறந்ததும் வடக்குப் பக்கச் சுவரிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுவோம்.

கமிஷன் விஷயத்தில் கண்டிப்பு தேவை. மேசையில் இருப்பவர் ஒரு தங்குமிடத்திடமோ ஓட்டோவிடமோ ஐம்பது ரூபாய் வாங்கினாலும் அந்த நிலையத்தின் பேச்சுக்கு மதிப்புப் போய்விடும். ஓட்டோத் தம்பிமாரோடு பேசி, தூரத்துக்கு இவ்வளவு என்று ஒரு பலகை எழுதினோம், முறை வைத்துக் கூப்பிடுகிறோம். மருதமுனைக் கைத்தறி, பன்பாய், பனையோலைப் பெட்டி எல்லாம் ஒரு அலுமாரியில் இருக்கிறது. நெய்தவர் சொன்ன விலை ஒரு சீட்டில், நிலையத்துக்குச் சேர்த்தது எவ்வளவு என்று இன்னொரு சீட்டில். வாங்குபவர் இரண்டையும் பார்க்கலாம். அப்படி வருகிற காசு முழுக்கக் கூரைக் கணக்குக்குப் போகும். கட்டடம் திறக்கக் காசு தர ஆள் கிடைக்கும். ஓடு மாற்றத் தர ஆள் கிடைக்காது. அதனால் கூரைக்கென்று தனி வங்கிக் கணக்கு, மூன்று கையெழுத்து, வேறு எதற்கும் எடுக்க முடியாது. எவ்வளவு சிறிய இடமாக இருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள்.

கல்முனைத் தம்பிக்கும் பொத்துவில் ஹாஜியாருக்கும் இப்போது சொல்வது ஒன்று இருக்கிறது. நீங்கள் இருவரும் கட்டடத்தை வெயில் காலத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். கையெழுத்து வைக்க முன் வாடை மழை கொட்டுகிற ஒரு நாளில் உள்ளே போய், எங்கே ஒழுகுகிறது, தரையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கறையான் மண் எந்தக் கைமரத்தில் ஏறுகிறது என்று சோக்கட்டியால் குறித்துவிட்டு வாருங்கள். கூடவே ஒரு வயதான மேசனையும் கூட்டிப் போங்கள். உங்கள் பக்கம் அப்படி யாரும் இல்லையென்றால் எங்களுடையவரைக் கேட்டுப் பார்க்கிறேன். வருவார், ஆனால் அவசரப்படுத்தக் கூடாது.